பூச்சீட்டும் அதன் வரிகளும்: ரெயில்ஸில் ஒரே படிவத்தில் சேமிப்பது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே இடத்தில் தடுக்கி நிற்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். தோவாளையில் உங்கள் மாமா நடத்தும் பூ கமிஷன் கடைக்கு, வலைச் செயலிகள் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள். விவசாயி ஒருவர் பூ கொண்டுவந்தால் அவர் பெயரில் ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் பிச்சி இத்தனை கிலோ, அரளி இத்தனை கிலோ, தாமரை இத்தனை எண்ணம் என்று பல வரிகள். எல்லாவற்றையும் ஒரே திரையில் எழுதி ஒரே பொத்தானில் சேமிக்க வேண்டும். முதலில் சீட்டு மட்டும் ஏறியது, வரிகள் ஏறவில்லை. எதையோ மாற்றிய பிறகு வரிகள் ஏறின. ஆனால் பழைய சீட்டைத் திறந்து ஓர் எடையைத் திருத்தினால் எல்லா வரிகளும் இரட்டிப்பாகின்றன. மொத்தத் தொகையோ எப்போதும் ஒரு திருத்தம் பின்தங்கியே நிற்கிறது. இந்த வசதியைக் கைவிட்டு, லூப் போட்டு ஒவ்வொரு வரியாக நானே சேமித்துவிடட்டுமா என்று கேட்கிறீர்கள்.

கைவிட வேண்டாம். மூன்று சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். சீட்டும் வரிகளும் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளில் கிடந்தாலும், உங்கள் மாமாவுக்கு அது ஒரே காகிதம். அந்த ஒரே காகிதத்தை நிரலின் எந்த இடத்தில் நாம் இரண்டாகக் கிழிக்கிறோமோ, அந்த இடத்தில் கணக்கு தவறுகிறது.

தோவாளைச் சந்தையில் விடியற்காலையில் நின்று கணக்குப்பிள்ளை சீட்டு எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். மேலே பெயரும் தேதியும். கீழே வரி வரியாகப் பூ, எடை, விலை. மறுநிறுவையில் எடை மாறினால் அந்த எண்ணை மட்டும் அடித்துப் பக்கத்தில் புதிய எண். பூ திரும்பிப் போனால் அந்த வரியின் மேல் ஒரு கோடு. கூடுதலாக ஒரு கூடை வந்தால் கடைசியில் ஒரு புது வரி. ஆக ஒரு வரிக்கு மூன்று விதி இருக்கிறது: புதிதாக வந்தது, திருத்தப்பட்டது, அடிக்கப்பட்டது. காகிதத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. உலாவியிலிருந்து சர்வருக்குப் போகும் தரவில் அது தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

எப்படிச் சொல்லி அனுப்புவது என்பதை அருகில் வைத்துப் பார்ப்போம். ரெயில்ஸில் 2009இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து இதற்கென ஒரு வசதி இருக்கிறது. சீட்டு மாடலில், அதாவது சீட்டு அட்டவணையைக் கையாளும் வகுப்பில், ‘வரிகள் பல உண்டு’ என்று உறவைச் சொல்லிவிட்டு, அதன் கீழே ‘அக்செப்ட்ஸ் நெஸ்டட் ஆட்ரிபியூட்ஸ் ஃபார்’ என்ற ஒற்றை அறிவிப்பைச் சேர்த்தால், சீட்டு மாடலுக்கு ‘வரிகள்_ஆட்ரிபியூட்ஸ்’ என்ற புதிய வாசல் திறக்கிறது. படிவத்தில் ‘ஃபீல்ட்ஸ் ஃபார்’ என்ற உதவி முறையைப் பயன்படுத்தினால், கட்டங்களின் பெயர்கள் அந்த வாசலைக் குறிவைத்தே அமையும். பழைய சீட்டு ஒன்றைத் திருத்திச் சேமிக்கும்போது சர்வருக்குப் போவது ஏறத்தாழ இதுதான். உங்கள் நிரலில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். படிக்கும் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

சீட்டு[விவசாயி_ஐடி] = 12
சீட்டு[வரிகள்_ஆட்ரிபியூட்ஸ்][0][ஐடி] = 301
சீட்டு[வரிகள்_ஆட்ரிபியூட்ஸ்][0][பூ] = பிச்சி
சீட்டு[வரிகள்_ஆட்ரிபியூட்ஸ்][0][எடை] = 4.250
சீட்டு[வரிகள்_ஆட்ரிபியூட்ஸ்][1][ஐடி] = 302
சீட்டு[வரிகள்_ஆட்ரிபியூட்ஸ்][1][_டெஸ்ட்ராய்] = 1
சீட்டு[வரிகள்_ஆட்ரிபியூட்ஸ்][2][பூ] = அரளி
சீட்டு[வரிகள்_ஆட்ரிபியூட்ஸ்][2][எடை] = 6.000

இதை நிதானமாக ஒருமுறை படியுங்கள். முதல் வரிக்கு ஐடி இருக்கிறது. அதனால் அது ஏற்கெனவே உள்ள 301ஆம் பதிவைத் திருத்துகிறது. இரண்டாவதற்கும் ஐடி இருக்கிறது, கூடவே அழிக்கச் சொல்லும் குறியும் இருக்கிறது. அது கோடு போட்ட வரி. மூன்றாவதற்கு ஐடியே இல்லை; அதனால் அது புது வரி. நடுவில் இருக்கும் 0, 1, 2 ஆகிய எண்களுக்குத் தரவுத்தளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு வரியின் கட்டங்கள் அடுத்த வரியின் கட்டங்களோடு கலந்துவிடாமல் கட்டிவைக்கும் கயிறு மட்டும்தான் அவை.

இனி உங்கள் முதல் சிக்கல். வரிகள் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம், படிவத் தரவை வாங்கி மாடலிடம் கொடுக்கும் கன்ட்ரோலரில் இருக்கும் அனுமதிப் பட்டியல். 2013இல் வந்த ரெயில்ஸ் 4 முதல், படிவத்திலிருந்து வரும் எந்தத் தரவையும் நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்தால்தான் ரெயில்ஸ் மாடலுக்குள் விடும். இதற்கு ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ் என்று பெயர். நீங்கள் விவசாயி_ஐடியையும் தேதியையும் அனுமதித்துவிட்டு வரிகள்_ஆட்ரிபியூட்ஸை விட்டிருந்தால், ரெயில்ஸ் பிழை எதுவும் காட்டாமல் அதை ஒதுக்கிவிடும். சீட்டு அழகாகச் சேமிக்கப்படும், ‘வெற்றி’ என்ற செய்தியும் வரும், வரிகள் மட்டும் இருக்காது. நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தால் ‘அன்பெர்மிட்டட் பாராமீட்டர்’ என்று ஒற்றை வரியில் உண்மை எழுதியிருக்கும். உருவாக்கும் காலத்தில் இந்த நிலைமையைப் பிழையாகவே எழுப்பும்படி அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். நான் தொடங்கும் எந்தத் திட்டத்திலும் முதல் நாளே அதைச் செய்துவிடுவேன். மௌனமாக ஒதுக்கப்படும் தரவைப் போல நேரத்தைத் தின்பது வேறொன்றும் இல்லை.

இந்த அனுமதிப் பட்டியல் தொந்தரவாகத் தோன்றலாம். ஆனால் அது வந்த கதையைத் தெரிந்துகொண்டால் மதிப்பீர்கள். 2012 மார்ச்சில் ஒருவர், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தம்மை அடையாளம் காட்டும் பொதுச்சாவியைப் பதியும் படிவத்தில், அங்கே இருக்கவே கூடாத ஒரு பயனர் ஐடியைக் கூடுதல் கட்டமாகச் சேர்த்து அனுப்பினார். சர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அவருடைய சாவி ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. படிவத்தில் நாம் காட்டும் கட்டங்கள் மட்டும்தான் திரும்பி வரும் என்று எண்ணுவது எவ்வளவு ஆபத்து என்பதை எல்லோரும் அன்று பார்த்தார்கள். உங்கள் கடையிலும் கமிஷன் விகிதத்தை உலாவியிலிருந்து மாற்ற முடியாதபடி காப்பது இதே பட்டியல்தான்.

அனுமதி சரியாக இருந்தும் புதிய சீட்டுத் திரையில் வரிக் கட்டங்களே தெரியவில்லை என்றால் காரணம் வேறு. ‘ஃபீல்ட்ஸ் ஃபார்’ இருக்கிற வரிகளுக்கு மட்டுமே கட்டம் வரையும். புதிய சீட்டில் வரி ஏதும் இல்லையே! கன்ட்ரோலரில் புதிய சீட்டை உருவாக்கும் இடத்தில் நாலைந்து வெற்று வரிகளைக் கட்டித் தர வேண்டும். இதைத் திரையை வரையும் வியூ கோப்பில் செய்யாதீர்கள். பிழையோடு படிவம் திரும்பி வரும்போதெல்லாம் வெற்று வரிகள் பெருகிக்கொண்டே போகும்.

இரட்டிப்பாகும் சிக்கலுக்கு வருவோம். மேலே காட்டிய தரவில் ஐடி இல்லாதது புது வரி என்று சொன்னேன் அல்லவா? உங்கள் அனுமதிப் பட்டியலில் பூ, எடை, விலை எல்லாம் இருக்கும், ஐடி இருக்காது. படிவம் மறைவுக் கட்டமாக ஐடியை ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. வாசலில் அதை நாமே பிடுங்கிக்கொள்கிறோம். உள்ளே போகும் ஒவ்வொரு பழைய வரியும் அடையாளம் இழந்து, புது வரியாகப் பதிகிறது. வரிகளுக்கான அனுமதியில் ஐடியையும், அழிப்புக் குறியையும் சேர்த்துவிடுங்கள். இரட்டிப்பு நின்றுவிடும்.

ஐடியை அனுமதித்தால் யாராவது வேறொருவருடைய சீட்டின் வரி எண்ணைப் போட்டு அனுப்பிவிடமாட்டார்களா என்ற பயம் இயல்பானது. ரெயில்ஸ் அந்த ஐடியை இந்தச் சீட்டின் வரிகளுக்குள் மட்டுமே தேடும். அங்கே இல்லை என்றால் பதிவைக் காணவில்லை என்று பிழை எழுப்பும். அதனால் வரி அளவில் பயம் இல்லை. ஆனால் சீட்டையே திறக்கும்போது, திறப்பவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

அழிப்புக் குறி தனியாக வேலை செய்யாது. மாடலில் அந்த அறிவிப்போடு ‘அலவ் டெஸ்ட்ராய்’ என்ற விருப்பத்தையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குறி வந்தாலும் வரி அப்படியே இருக்கும். இன்னொன்று: திரையில் ‘நீக்கு’ பொத்தானை அழுத்தியவுடன் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு அந்த வரியின் கட்டங்களையே பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. புது வரிக்கு அது சரி. பழைய வரிக்குத் தவறு. தரவில் வராத பழைய வரியை ரெயில்ஸ் தொடாமல் விட்டுவிடும், அழிக்காது. பழைய வரியை மறைத்துவிட்டு, அதன் அழிப்புக் குறியை 1 ஆக்குங்கள். கணக்குப்பிள்ளை வரியைக் கிழித்தெறியாமல் கோடு போடுகிறாரே, அதே வேலைதான்.

வெற்று வரிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடையில் இது கட்டாயம் வரும். ஐந்து வரிகள் காட்டுகிறீர்கள், விவசாயி இரண்டு பூ மட்டும் கொண்டுவருகிறார், மீதி மூன்று காலி. காலியானவற்றை ஒதுக்க ‘ரிஜெக்ட் இஃப்’ விருப்பத்தில் ‘ஆல் பிளாங்க்’ என்று கொடுப்பது வழக்கம். எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தால் அந்த வரி ஒதுக்கப்படும். இங்கேதான் பூச்சந்தையின் இயல்பு குறுக்கே வருகிறது. பிச்சியும் கேந்தியும் எடையில் போகும். தாமரையும் மாணிக்க மாலையும் எண்ணத்தில் போகும். அதனால் அலகுக்கு ஒரு தேர்வுப் பெட்டி வைத்திருப்பீர்கள், அதில் ‘கிலோ’ முன்னதாகவே தேர்வாகியிருக்கும். அந்த ஒரு சொல் போதும், வரி காலி அல்ல என்று ஆகிவிடும். பெயரில்லாத, எடையில்லாத மூன்று வரிகள் உள்ளே நுழையப் பார்க்கும். சரிபார்ப்பு இருந்தால் மொத்தச் சீட்டும் மறுக்கப்படும். ‘ஆல் பிளாங்க்’ என்பதற்குப் பதிலாக, பூவின் பெயரும் அளவும் காலியாக இருந்தால் ஒதுக்கு என்று நீங்களே ஒரு சிறு நிபந்தனை எழுதுங்கள். டிக் செய்யும் பெட்டி வைத்திருந்தாலும் இதே கதைதான். டிக் செய்யாதபோதும் அது 0 என்று ஒரு மதிப்பை அனுப்பும்.

‘இன்னொரு வரி’ பொத்தானை ஜாவாஸ்கிரிப்டில் எழுதும்போது, கயிறு என்று சொன்னேனே, அந்த எண் ஒவ்வொரு வரிக்கும் வேறாக இருக்க வேண்டும். திரையில் உள்ள வரிகளை எண்ணி அடுத்த எண்ணைக் கொடுத்தால், நடுவில் ஒரு வரியை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கும்போது பழைய எண்ணே மறுபடி வரும். இரண்டு வரிகளுக்கு ஒரே கயிறு. பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கிவிடும். அந்த நொடியின் நேரத்தை மில்லிசெகண்டில் எடுத்து எண்ணாகக் கொடுப்பது எளிய வழி. எண்கள் வரிசையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மொத்தத் தொகை பின்தங்குவதுதான் உங்கள் மூன்று சிக்கல்களில் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் நிரல் பார்க்க முற்றிலும் சரியாக இருக்கும். சீட்டைச் சேமிப்பதற்கு முன் ஓடும் ‘பிஃபோர் சேவ்’ முறையில் வரிகளின் தொகையைக் கூட்டுகிறீர்கள். கூட்டுவதற்கு ‘சம்’ முறையிடம் கட்டத்தின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் அது நினைவகத்தில் இருக்கும் வரிகளைப் பார்ப்பதில்லை. நேராகத் தரவுத்தளத்துக்குப் போய் அங்கே இருப்பதைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் சேமிப்பின் வரிசை இப்படி: முதலில் சீட்டு, பிறகு வரிகள். சீட்டின் ‘பிஃபோர் சேவ்’ ஓடும் நேரத்தில் புதிய எடை இன்னும் தரவுத்தளத்தை எட்டவில்லை. அதனால் புதிய சீட்டுக்கு 0 வரும். பழைய சீட்டுக்குப் போன தடவைத் தொகை வரும். நீங்கள் கண்டது அதுதான்.

நினைவகத்தில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அழிப்புக்குக் குறிக்கப்பட்டவற்றை விலக்கிவிட்டுக் கூட்டுங்கள். ‘மார்க்ட் ஃபார் டெஸ்ட்ரக்ஷன்’ என்று ஒவ்வொரு வரியிடமும் கேட்கலாம். இந்த விலக்கலை மறந்தால் கோடு போட்ட வரியின் தொகையும் விவசாயிக்குப் போய்விடும். வரியின் தொகையை எங்கே கணக்கிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். வரியின் ‘பிஃபோர் சேவ்’ முறையில் எடையை விலையால் பெருக்கினால், சீட்டு கூட்டும் நேரத்தில் அந்தப் பெருக்கல் நடந்தே இருக்காது. எடை, விலை இரண்டையும் வைத்துக் கேட்கும்போதே பெருக்கித் தரும் சாதாரண முறையாக அதை எழுதிவிடுங்கள். எடைக்கும் விலைக்கும் எண்ணைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையே வேண்டும். தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகையைக் கொடுத்தால் பைசாக் கணக்கு எங்கோ ஓரிடத்தில் உதைக்கும். விலையை ஒவ்வொரு வரியிலும் எழுதிவையுங்கள், பூக்களின் அட்டவணையிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஓணத்துக்கு முன் கேரள வியாபாரிகள் அத்தப்பூக்களத்துக்காக வந்து அள்ளும் நாள்களில் விலை எப்படி ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய விலை மாறினால் நேற்றைய சீட்டு மாறக் கூடாது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: லூப் போட்டுக் கையால் சேமித்தால் என்ன? இதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் கொள்முதல் செய்யும் ஒரு கடைக்கு மென்பொருள் எழுதினேன். ஒருவர் கொண்டுவரும் பாலுக்கு ஒரு பதிவு, அதன் கீழ் ஒவ்வொரு கேனுக்கும் ஒரு வரி: எடை, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு), தொகை. நான் முதலில் பதிவைச் சேமித்தேன், பிறகு லூப்பில் கேன்களைச் சேமித்தேன். ஒரு நாள் மூன்று கேன் கொண்டுவந்த பெரியவர் ஒருவருக்கு மூன்றாவது கேனின் டி.ஆர்.சி. கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து விழுந்துவிட்டது. முதல் இரண்டு கேன்கள் ஏறிவிட்டன, மூன்றாவது மறுக்கப்பட்டது. திரையில் பிழை வந்ததைக் கடைப் பையன் கவனிக்கவில்லை. பெரியவருக்கு இரண்டு கேனுக்கான பணம்தான் கணக்கில் ஏறியது. மறுநாள் அவர் தம் சிறு குறிப்பேட்டைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். அதிகாலையில் எழுந்து மரம் மரமாக வெட்டி எடுத்த பால். அவர் குறிப்பேடு வைத்திருக்காவிட்டால் அந்தக் கேன் என் நிரலில் காணாமலே போயிருக்கும்.

அன்றே எல்லாவற்றையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் வைத்தேன். நடுவில் எது தவறினாலும் முதலிலிருந்து எல்லாம் திரும்பப் பெறப்பட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆனாலும் பாதிப் பதிவுகள் விழுந்துகொண்டே இருந்தன. இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் கிடைத்தது: அந்தப் பழைய மைஎஸ்க்யூஎல் அட்டவணைகள் மைஐசாம் வகை. அந்த வகைக்கு டிரான்சாக்ஷனே கிடையாது; ‘திரும்பப் பெறு’ என்றால் எதையும் திரும்பப் பெறாது. இன்னோடிபி வகைக்கு மாற்றிய பிறகே சரியானது. 2010இல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.5 முதல் இன்னோடிபிதான் இயல்பு வகை; போஸ்ட்கிரெஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் இரண்டிலும் இந்தக் கவலை இல்லை. உங்கள் மாமா கடையின் பழைய தரவுத்தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெஸ்டட் ஆட்ரிபியூட்ஸ் வழியாகச் சேமித்தால் இந்த டிரான்சாக்ஷன் உங்களுக்குக் கேட்காமலே கிடைக்கிறது. முதலில் சீட்டும் வரிகளும் சரிபார்க்கப்படும். ஒரு வரி தவறாக இருந்தாலும் எதுவும் எழுதப்படாது. எல்லாம் சரி என்றால் ஒரே டிரான்சாக்ஷனில் எல்லாம் எழுதப்படும். சீட்டு முழுதாக ஏறும், அல்லது ஏறவே ஏறாது. லூப் எழுதுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பையும், எந்த வரியில் தவறு என்று படிவத்திலேயே காட்டும் வசதியையும், புதிது, பழையது, அழித்தது என்று பிரிக்கும் வேலையையும் நீங்களே திரும்ப எழுத வேண்டிவரும்.

சரிபார்ப்பைப் பற்றி மூன்று செய்திகள் மட்டும். ரெயில்ஸ் 5 முதல் ஒவ்வொரு வரிக்கும் சீட்டு இருந்தே ஆக வேண்டும் என்பது இயல்பான விதி. வரியும் சீட்டும் ஒன்றாகப் பிறக்கும்போது ‘சீட்டு இல்லை’ என்று பிழை வந்தால், உறவின் இரு முனைகளும் ஒன்றையொன்று அறியவில்லை என்று பொருள். உறவுக்கு வழக்கமான பெயரை விட்டு வேறு பெயர் வைத்திருந்தால் ‘இன்வர்ஸ் ஆஃப்’ விருப்பத்தைக் கையால் கொடுங்கள். அடுத்தது, ஒரு சீட்டில் ஒரே பூ இரண்டு வரிகளில் வரக் கூடாது என்று தனித்துவச் சரிபார்ப்பு வைத்தால், அது தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருப்பதோடு மட்டுமே ஒப்பிடும். ஒரே படிவத்தில் புதிதாக வரும் இரண்டு பிச்சி வரிகள் ஒன்றையொன்று பார்க்காது, இரண்டும் நுழைந்துவிடும். தரவுத்தளத்திலேயே, ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுக்கும் தனித்துவ இண்டெக்ஸ் போட்டால்தான் அது நிற்கும். ஆனால் உங்கள் கடையில் இந்த விதி தேவையா என்று யோசியுங்கள். காலையில் ஒரு விலைக்கும் பிறகு ஒரு விலைக்கும் ஒரே பிச்சி இரண்டு வரிகளில் வருவது நியாயமான சீட்டுதான். மூன்றாவது, ரெயில்ஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் பயன்படுத்தினால், தவறான படிவத்தைத் திருப்பிக் காட்டும்போது நிலை எண்ணாக 422 கொடுங்கள். கொடுக்காவிட்டால், பக்கத்தை முழுதாக ஏற்றாமல் புதுப்பிக்கும் டர்போ பிழைச் செய்திகளைத் திரையில் காட்டாது. பொத்தான் வேலை செய்யவில்லை என்று எண்ணிக் கடையில் மீண்டும் மீண்டும் அழுத்துவார்கள்.

மீண்டும் அழுத்துவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கைப்பேசி சிக்னல் விட்டுவிட்டு வரும் கடையில், சேமிப்பு நடந்து முடிந்து பதில் மட்டும் திரும்பி வராமல் போவது உண்டு. மறுபடி அழுத்தினால் அதே சீட்டு இரண்டாவது தடவை ஏறும். வரிகளின் ஐடி இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டு தடவையும் அவை புது வரிகள்தாம். படிவத்தைக் காட்டும்போதே ஒவ்வொரு தடவையும் வேறாக அமையும் ஒரு தற்போக்கு (ரேண்டம்) அடையாளத்தை மறைவுக் கட்டத்தில் வைத்து, சீட்டு அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குத் தனித்துவ இண்டெக்ஸ் போடுங்கள். இரண்டாவது தடவை வந்தால் தரவுத்தளம் மறுக்கும். நீங்கள் முதல் சீட்டையே எடுத்துக் காட்டிவிடலாம். புத்தகம் போட்டுச் சீட்டு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்ட எண் வைத்திருப்பது இதற்காகத்தான்.

வேறு ஃபிரேம்வொர்க்கில் எழுதுகிறவர்களுக்குச் சுருக்கமாக. ஜாங்கோவில் இதற்கு இன்லைன் ஃபார்ம்செட் உண்டு. அதில் மொத்தம் எத்தனை வரிகள், முதலில் எத்தனை இருந்தன என்று சொல்லும் மேலாண்மைப் படிவம் மறைவாகச் சேர்ந்து போக வேண்டும், விட்டால் ஏற்காது. கேக்பிஎச்பியில் முதல் அடுக்கு உறவுகள் தாமாகவே சேர்ந்து வரும்; அவற்றைக் கட்டுப்படுத்தவோ அடுத்த அடுக்கைச் சேர்க்கவோ ‘அசோசியேட்டட்’ விருப்பத்தில் பெயர் சொல்ல வேண்டும். அங்கே சேமிப்பு உத்தியை ‘ரிப்ளேஸ்’ என்று வைத்தால் தரவில் வராத பழைய வரிகள் நீக்கப்படும், இது ரெயில்ஸுக்கு நேர் எதிர். லாராவெல்லில் இப்படித் தானாகப் பிரித்துச் சேமிக்கும் வசதி இல்லை; டிரான்சாக்ஷனைத் திறந்து, சீட்டை உருவாக்கி, வரிகளை மொத்தமாகச் சேர்ப்பதை நாமே எழுத வேண்டும். எங்கே போனாலும் ஐடியும் டிரான்சாக்ஷனும் கூடவே வரும்.

வரிக்குக் கீழே இன்னொரு அடுக்கு, அதற்குக் கீழே இன்னொன்று என்று போகலாமா என்று கேட்பீர்கள். ரெயில்ஸ் தடுக்காது. நான் இரண்டு அடுக்குகளோடு நிறுத்திவிடுவேன். மூன்றாவது அடுக்கில் பிழைச் செய்தி எந்தக் கட்டத்துக்கு உரியது என்று படிவத்தில் காட்டுவதே பெரும்பாடு. எழுதுகிறவருக்கும் திரை குழப்பமாகிவிடும். அங்கே தனித் திரை வைப்பதுதான் கடைக்காரருக்கு நல்லது. அதேபோல, சேமிக்கும்போது விவசாயியின் முன்பணத்தில் கழிப்பது, குறுஞ்செய்தி அனுப்புவது போன்ற வேலைகள் சேர்ந்துகொண்டால் அவற்றை மாடலின் கால்பேக்குகளில் (‘பிஃபோர் சேவ்’ போலத் தானாக ஓடும் முறைகளில்) திணிக்காமல், தனி வகுப்பாக ஒரு ஃபார்ம் ஆப்ஜெக்ட் எழுதி அதற்குள் டிரான்சாக்ஷனை வையுங்கள். குறுஞ்செய்தி மட்டும் டிரான்சாக்ஷன் முடிந்த பிறகு போக வேண்டும். கணக்கு திரும்பப் பெறப்பட்டாலும் போன செய்தியைத் திரும்பப் பெற முடியாது.

இவ்வளவையும் மாற்றிய பிறகு, கடையிலிருந்து நேற்றைய காகிதச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நான்கு வரிகள் உள்ளதாகப் பார்த்து. அதை அப்படியே ஏற்றிச் சேமியுங்கள். பிறகு திறந்து எதையும் மாற்றாமல் மறுபடி சேமியுங்கள்; தரவுத்தளத்தில் வரிகளின் எண்ணிக்கையும் ஐடிகளும் அப்படியே இருக்க வேண்டும். அடுத்து ஓர் எடையை மாற்றி, ஒரு வரியை நீக்கி, ஒரு வரியைச் சேர்த்து, மூன்றையும் ஒரே தடவையில் சேமித்து மொத்தத்தைக் காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். கடைசியாக ஒரு வரியின் எடையைக் காலியாக விட்டு, இன்னொரு வரியின் விலையை மாற்றிச் சேமியுங்கள். சீட்டு மறுக்கப்பட வேண்டும், தரவுத்தளத்தில் பழைய விலையே இருக்க வேண்டும். இவற்றில் எதிலாவது தவறினால், அந்த ஒரு தடவைக்கு லாக் கோப்பில் ‘பாராமீட்டர்ஸ்’ என்று தொடங்கும் பகுதியை முழுதாக எடுத்து அனுப்புங்கள், விவசாயியின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் நீக்கிவிட்டு. அங்கே ஐடி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.